அந்த அணைப்பு பிச்சை அல்ல

தெற்குஜன்னல்:
‘வாட்டாமோட்டே பன்னிரண்டு பகுதிகளும் தனிமையில் வாடும் ஒரு பெண்ணைச் சீண்டிச் சிரிக்கும் தொடர், இரக்கமில்லாதவர்கள் எடுத்தது, இரக்கமில்லாதவர்கள் ரசிப்பது’ என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இரவெல்லாம் மனம் ஆறவில்லை. 2013இல் வெளிவந்த நாளிலிருந்து அந்த ஜப்பானிய அனிமேயை, அதாவது அசைபடத் தொடரை, நெஞ்சில் வைத்திருப்பவன் நான். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மாதங்கள் ஓடியும் நாயகி குரோகி டொமோகோவோடு பேச வகுப்பில் ஆளில்லை. பேசிப் பழகுவதற்காகத் தம்பியின் அறைக்குப் போய் அவனைப் பிடித்து உட்கார வைக்கிறாள். அவன் எரிந்து விழுகிறான். அதில் சிரிப்பு வருகிறது, உண்மை. ஆனால் 11ஆம் பகுதி? பள்ளிக் கலைவிழாவுக்கு வந்த பழைய தோழி யூ கிளம்பிவிடுகிறாள். கூட்டத்தின் நடுவே டொமோகோ மறுபடியும் ஒற்றையாக நிற்கிறாள். பொம்மை உடை அணிந்த ஒருவர் பலூன் கொடுத்து அவளை அணைத்துக்கொள்கிறார். உள்ளே இருப்பது மாணவர் மன்றத் தலைவி இமாயே. டொமோகோவுக்கு அது தெரியாது, நமக்குத்தான் தெரியும். இதை எடுத்தவர்களா இரக்கமில்லாதவர்கள்?

குறிஞ்சி:
எழுதியவள் நான்தான். ‘ஒருவர்’ என்று மூடி மறைக்க வேண்டாம், பெயரைச் சொல்லியே திட்டுங்கள். பத்துப் பகுதிகள் அடித்துவிட்டு 11ஆம் பகுதியில் ஓர் அணைப்பு. அது பிச்சை. முகத்தைக் காட்டி, ‘வா, சேர்ந்து சுற்றலாம்’ என்று இமாயே சொல்லியிருந்தால் நட்பு என்பேன். பொம்மைக்குள் ஒளிந்துகொண்டு அணைப்பதற்குப் பெயர் பரிதாபம். 2022இல் வந்த ‘போச்சி த ராக்’ அனிமேயைப் பாருங்கள். அதன் நாயகி ஹிதோரியும் வாய் திறக்க நடுங்குகிறவள்தான். பூங்காவில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தவளை நிஜிகா நேருக்கு நேர் அழைத்துப்போய் இசைக்குழுவில் சேர்க்கிறாள். தனிமையில் இருப்பவளை மதிப்பது அப்படி.

அரைத்தூக்கம்:
முதலில் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். ஜப்பானியர் ‘வத்தாமோத்தே’ என்றுதான் சொல்வார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ட்டா’ போடுவது எத்தனை வருடப் பழக்கம்! மேலும் இது ஹிகிகொமோரிப் பெண்ணின் கதை. அந்த நிலையைப் பற்றித் தெரியாமல் இருவரும் பேசுகிறீர்கள்.

தெற்குஜன்னல்:
அரைத்தூக்கம் அவர்களே, டொமோகோ தினமும் பள்ளிக்குப் போகிறாள். மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வராதவர்களைச் சொல்லும் சொல்லை அவள் மீது ஒட்டாதீர்கள். அவளுடைய துன்பமே நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான்.

குறிஞ்சி அவர்களே, ‘போச்சி த ராக்’ முதல் பகுதியை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஹிதோரி முதல் மேடையில் மாம்பழ அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் கிதார் வாசிக்கிறாள். பயந்தவள் பெட்டிக்குள் ஒளிந்தாள், மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அது அழகு. ‘வாட்டாமோட்டே’யில் ஒளிந்தது அன்பு காட்டியவள். நன்றியை எதிர்பார்க்காமல், ‘உனக்கு நான் உதவினேன்’ என்ற சுமையை அந்தப் பெண் தலையில் ஏற்றாமல் அணைத்தாள். முகத்தைக் காட்டியிருந்தால் டொமோகோ விறைத்துப்போய் உளறியிருப்பாள். தலைவிக்கு அது புரிந்திருக்கிறது. பிச்சை போடுகிறவர் தன் முகத்தை மறைப்பாரா?

குறிஞ்சி:
மறைத்தாலும் பிச்சை பிச்சைதான். மறுநாள் டொமோகோவுக்கு யார் இருக்கிறார்கள்? 12ஆம் பகுதி முடியும்போது அவள் எங்கே நிற்கிறாள்? தொடங்கிய இடத்தில். உங்கள் அணைப்பு என்ன சாதித்தது? ஹிதோரிக்கு 12 பகுதிகள் முடியும்போது மூன்று தோழிகள் இருக்கிறார்கள்.

எட்டாம்வரிசை:
தொடருக்கு மூலமான மாங்காவை, அந்தப் படக்கதையைப் படிக்காமல் இருவரும் சண்டை போடுகிறீர்கள். 2011இல் தொடங்கிய மாங்காவில், இரண்டாம் ஆண்டு கியோட்டோ சுற்றுலாவுக்குப் பிறகு உடன் படிக்கும் யூரி, யோஷிடா எல்லோரும் அவளோடு சேர்ந்துவிடுகிறார்கள். அனிமே வெறும் தொடக்கம். பாதியைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

குறிஞ்சி:
எட்டாம்வரிசை, ‘கோமி’ தொடர் பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். நூறு நண்பர்களைத் தேடும் பெண்ணின் கதை எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியதற்கு, ‘மாங்கா படிக்காதவர்களின் குழந்தைத்தனம்’ என்றீர்கள். நான் மறக்கவில்லை. அனிமேயாக எடுத்து ஒளிபரப்பினால் அனிமேயாகத்தான் பார்ப்பேன்.

எட்டாம்வரிசை:
குழந்தைத்தனம் என்று சொன்னது உங்களை அல்ல, அந்த வாதத்தை. இப்போதும் அதையே சொல்கிறேன்.

அரைத்தூக்கம்:
‘வத்தாமோத்தே’. யாரும் இன்னும் திருத்தவில்லை.

தெற்குஜன்னல்:
மாங்காவைக் கேடயமாகப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அந்த 12 பகுதிகளே போதும். குறிஞ்சி கேட்டது நியாயமான கேள்வி போலத் தோன்றும்: அணைப்பு என்ன சாதித்தது? என் பதில் இதுதான். பள்ளியில் மூன்று வருடம் மதிய உணவை மாடிப்படியின் கீழ் தனியாகச் சாப்பிட்டவன் நான். ஒருநாள் துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவர், ஒன்றும் கேட்காமல், என் பக்கத்தில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். மறுநாள் வரவில்லை. எனக்கு அதனால் நண்பர்கள் கிடைத்துவிடவில்லை. ஆனால் அந்த ஒருநாளைப் பிச்சை என்று எவராவது சொன்னால் சும்மா இருக்க மாட்டேன். உறவுக்காரத் தங்கை கீ, தனக்குக் காதலன் இருப்பதாக டொமோகோ சொன்னது பொய் என்று கண்டுபிடித்துப் பார்க்கிறாளே, அந்தப் பார்வைதான் பரிதாபம். அதையும் இதே தொடர்தான் காட்டியது. பரிதாபம் எது, பரிவு எது என்று எடுத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குறிஞ்சி:
உங்கள் மாடிப்படிக் கதைக்கு வருந்துகிறேன், மனமார. ஆனால் அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு வரவில்லையே! பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேட்பதும் அதைத்தானே? இமாயே ஏன் உட்காரவில்லை?

தெற்குஜன்னல்:
அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அணைத்தவர் யாரென்று டொமோகோவுக்கும் தெரியாது. இரண்டும் ஒன்றுதான்.

குறிஞ்சி:
ஒன்றல்ல. முகம் தெரிந்தது.

எட்டாம்வரிசை:
மாங்காவில் இமாயே பிறகும் வருகிறாள் என்பதை...

குறிஞ்சி:
உங்களிடம் பேசவில்லை.

தெற்குஜன்னல்:
11ஆம் பகுதியை இன்று இரவு மறுபடியும் பாருங்கள், குறிஞ்சி. அணைத்த பிறகு டொமோகோவின் முகத்தை மட்டும் பாருங்கள். நாளை இதே இடத்தில் கேட்பேன்.

குறிஞ்சி:
ஐந்து முறை பார்த்திருக்கிறேன். நாளையும் பிச்சை என்றுதான் சொல்வேன்.