டிராவல் டிரெய்லரில் 200 ஆம்ப்-அவர் லித்தியம்: பழைய சார்ஜிங்கில் எதை மாற்றுவது, எதை விடுவது?

ஏழுபின்:

வணக்கம் நண்பர்களே. இருப்பது மிச்சிகன். 24 அடி டிராவல் டிரெய்லர், இழுக்கும் வண்டி ஃபோர்டு எஃப்-150 பிக்கப். பழைய லெட் ஆசிட் பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, 100 ஆம்ப்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் இரண்டை முன்பக்க ஸ்டோரேஜ் அறைக்குள் பேரலலாகப் போட்டிருக்கிறேன். சார்ஜிங் பக்கம் இன்னும் எதையும் தொடவில்லை.

ஷோர் பவரில் (வெளி 120 வோல்ட் இணைப்பு) போட்டால், அதை 12 வோல்ட்டாக்கி பேட்டரியை ஏற்றும் 55 ஆம்ப் கன்வெர்ட்டர் (ஃப்யூஸ் பேனலோடு சேர்ந்தது, லெட் ஆசிட் காலத்து மாடல்) பேட்டரி முனையில் 13.6 வோல்ட்டைத் தாண்டுவதே இல்லை. ஓட்டும்போது ஏழு-பின் (வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் மின் பிளக்) வழியாக வருவது கிளாம்ப் மீட்டரில் 3, 4 ஆம்ப்தான். கூரையில் 200 வாட் சோலார் பேனல், பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் (பேனலை பேட்டரி வோல்ட்டுக்கே இறக்கி இணைக்கும் எளிய வகை). சுவரில் இருக்கும் பேட்டரி விளக்குகள் எப்போது அமுக்கினாலும் ‘ஃபுல்’ என்கின்றன.

கன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டுமா? 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் (இழுக்கும் வண்டியின் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டுக்கு மாற்றித் தருவது) ஒன்றை ஏழு-பின் ஒயரிலேயே கோர்க்கலாமா? சோலார் கன்ட்ரோலர் இதுவே போதுமா? மின் இணைப்பு இல்லாத ஸ்டேட் ஃபாரஸ்ட் முகாம்களில் இரண்டு மூன்று இரவு தங்குவது வழக்கம். ஏப்ரலிலேயே கிளம்பிவிடுவோம், ராத்திரி உறைநிலைக்குக் கீழே போகும்.

கம்பிவடம்:

முதல் காசு கன்வெர்ட்டருக்குத்தாங்க. 13.6-ல பேட்டரி கெடாது, ஆனா நிரம்பவும் நாளாகும். நிரம்பின லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3, 13.4 காட்டும். அதுக்கு மேல உங்க கன்வெர்ட்டர் தள்ளுறது வெறும் கால் வோல்ட். அதனால பாதி தூரம் தாண்டினதும் ஆம்ப் சரிய ஆரம்பிச்சிடும். இன்னொரு கோளாறு வெளியில தெரியாது. பெரும்பாலான பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ளயே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) செல்களைச் சமன்படுத்தத் தொடங்குறதே செல்லுக்கு 3.4, 3.5 வோல்ட் வந்த பிறகுதான். 13.6-ஐ நாலால வகுத்தா 3.4. எப்பவும் வாசல்லயே நின்னா நாலு செல்லும் கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப்போகும்.

வேணுங்கிறது 14.4-லிருந்து 14.6 வரை ஏத்தி, நிரம்பினதும் 13.5 பக்கம் இறங்குற கன்வெர்ட்டர். 14.6-லயே விடாம நிக்குற மாடல்களும் இருக்கு. வாரக்கணக்கா ஷோர் பவர்ல போட்டு வைக்கிற பழக்கம் இருந்தா அதை வாங்காதீங்க. டபிள்யூஎஃப்சிஓ, ப்ரோக்ரெசிவ் டைனமிக்ஸ் ரெண்டுமே ஃப்யூஸ் பேனலை அப்படியே விட்டுட்டு, கீழே இருக்கிற கன்வெர்ட்டர் பகுதியை மட்டும் மாத்துற லித்தியம் கிட் விக்கிறாங்க. உங்க பேனல் மாடலுக்குப் பொருந்துதான்னு பாத்து வாங்குங்க.

கழட்டும்போது வரிசை: ஷோர் கேபிளை உருவுங்க, சோலார் பேனல் பக்கத்தைத் துண்டிங்க, அப்புறம் பேட்டரி நெகடிவ். பேனலுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டினா சில கன்ட்ரோலர் தாங்காது.

கலரை நம்பாதீங்க. டிரெய்லர்ல 120 வோல்ட் பக்கம் கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். 12 வோல்ட் பக்கம் பேட்டரிக்குப் போற கறுப்பு பல வண்டில பாசிடிவ், வெள்ளை நெகடிவ். கார் பழக்கத்துல கறுப்பை நெகடிவ்ல மாட்டினா அந்த நொடியே கன்வெர்ட்டரோட ரிவர்ஸ் பொலாரிட்டி ஃப்யூஸ் போயிடும். மீட்டர் வெச்சுப் பாத்துட்டு டேப் சுத்தி எழுதி வைங்க.

அடுத்து, பழைய பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்துல ஃப்ரேம்ல தீப்பெட்டி அளவுக்கும் சின்னதா, ரெண்டு செம்பு ஸ்டட் நீட்டிக்கிட்டு ஒரு பிரேக்கர் இருக்கும். பட்டனே கிடையாது, சூடானா விழுந்து, ஆறினா தானா ஒட்டிக்கும். லெட் ஆசிட் அரை மணியில ஆம்பைக் குறைச்சுக்கும், அதனால பிழைச்சுது. லித்தியம் மணிக்கணக்கா 50 ஆம்ப் இழுக்கும். அது விழுந்து விழுந்து எழும், நீங்க கன்வெர்ட்டர் மோசம்னு நினைப்பீங்க. எடுத்துட்டு, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள்ள கிளாஸ்-டி ஃப்யூஸ் போடுங்க. லித்தியம் ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்கான ஆம்ப் கொட்டும். ஏஎன்எல் வகை ஃப்யூஸ் துண்டிக்கக்கூடியது சுமார் 6,000 ஆம்ப், கிளாஸ்-டி 20,000.

ஒயரையும் பாருங்க. கன்வெர்ட்டர்லிருந்து பேட்டரிக்கு 20 அடி, 8 கேஜ்னு வைங்க (கேஜ் எண் குறைய ஒயர் தடிமன் கூடும்). 50 ஆம்ப்ல போக வர 1.25 வோல்ட் போச்சு. 55 ஆம்ப்னு வாங்கினது வழியிலேயே சுருங்கிடும். 4 கேஜ் போட்டா அரை வோல்ட்.

செம்புக்கம்பி:

டிசி-டிசி கேள்விக்கு வருகிறேன். 30 ஆம்ப் சார்ஜரை ஏழு-பின்னில் கோர்க்காதீர்கள். 30 ஆம்ப் என்பது வெளியே வருவது. உள்ளே இழுப்பது அதைவிட அதிகம். 30 பெருக்கல் 14.4 வோல்ட், 432 வாட். செயல்திறன் 87 சதவீதம் என்றால் உள்ளே சுமார் 500 வாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 41 ஆம்ப். ஏழு-பின் சார்ஜ் லைனின் ஃப்யூஸ் 30.

“சரி, 18 ஆம்ப் மாடல் போடுகிறேன்” என்று அடுத்து தோன்றும். அது இழுப்பது 24, 25 ஆம்ப், ஃப்யூஸ் தாங்கும். ஒயர் தாங்காது. எஃப்-150 பானெட்டிலிருந்து உங்கள் ஸ்டோரேஜ் அறைக்கு 30 அடி, போக வர 60 அடி. 12 கேஜ் என்றால் 2.3 வோல்ட் இழப்பு. 10 கேஜ் என்றாலும் ஏறக்குறைய ஒன்றரை. ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (வோல்டேஜைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்குவது) 13-க்கு இறங்கும் நேரத்தில் சார்ஜருக்குக் கிடைப்பது 11 வோல்ட்டுக்கும் குறைவு. “என்ஜின் நின்றுவிட்டது” என்று நினைத்து சார்ஜர் அணையும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி எரியும். நாள் முழுக்க இதே ஆட்டம்.

இரண்டு வழிதான். ஒன்று, புது ஒயர்: 4 கேஜ் பாசிடிவ், நெகடிவ் இரண்டும், பம்பரில் ஆண்டர்சன் கனெக்டர் (அதிக ஆம்ப் தாங்கும் பிளக்), வண்டி பேட்டரி அருகே 60 ஆம்ப் ஃப்யூஸ், டிரெய்லர் பக்கமும் ஒரு ஃப்யூஸ். இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது, ஒரு முனை ஃப்யூஸ் மட்டும் போதாது. 41 ஆம்ப்பில் இழப்பு 0.6 வோல்ட். நெகடிவை வண்டி பேட்டரியின் முனையிலேயே மாட்டாதீர்கள். ஃபோர்டில் நெகடிவ் கிளாம்பில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டி, சேஸி கிரவுண்டில் மாட்டினால்தான் வண்டியின் கணக்கு தவறாது.

இரண்டாவது வழி, இருக்கும் ஏழு-பின்னை வைத்தே, உள்ளிழுக்கும் ஆம்பைக் கட்டுப்படுத்தக்கூடிய சார்ஜர். விக்ட்ரான் ஓரியன் எக்ஸ்எஸ்ஸில் அந்த வசதி உண்டு. 15 ஆம்ப்புக்குக் கட்டினால் 12 கேஜிலும் இழப்பு 1.4 வோல்ட்டோடு நிற்கும். பேட்டரிக்குச் சுமார் 12 ஆம்ப் போகும். ஐந்து மணி நேரப் பயணத்தில் 60 ஆம்ப்-அவர். மிச்சிகனுக்குள் போய்வர இது போதும் என்பது என் எண்ணம். பம்பரைப் பிரிக்கும் வேலை மிச்சம். என்ஜின் நின்றதை வோல்டேஜ் பார்த்து அறியும் வசதியை அணைத்துவிட்டு, ரிமோட் முனையை இக்னிஷனோடு ஓடும் லைனில் கொடுங்கள்.

எந்த வழியானாலும், ஏழு-பின்னிலிருந்து பேட்டரிக்கு நேராகப் போகும் பழைய இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். விட்டால் சார்ஜர் கொடுத்தது அந்த வழியாகவே அதன் வாய்க்குத் திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

வெயில்காயி:

மேலே சொன்னது எல்லாம் சரி, வரிசையில்தான் எனக்கு மாறுபாடு. இரண்டு மூன்று இரவு ஒரே இடத்தில் நிற்பவருக்கு டிசி-டிசியை விட சோலார்தான் முதலில் கைகொடுக்கும். 200 வாட் பேனல் தருவது சுமார் 10 ஆம்ப். பிடபிள்யூஎம் அதை பேட்டரியின் 13.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது, அதாவது 133 வாட். மிச்சம் வீண். 20 ஆம்ப் எம்பிபிடி (பேனலின் அதிக வோல்ட்டை வீணாக்காமல் ஆம்பாக மாற்றும் கன்ட்ரோலர்) போதும், இன்னொரு 50, 60 வாட் பேனல் சேர்த்தாலும் தாங்கும்.

அமைக்க வேண்டியவை: அப்சார்ப்ஷன் (நிரப்பும் வோல்ட்) 14.2, ஃப்ளோட் (நிரம்பிய பின் வோல்ட்) 13.5, ஈக்வலைஸ் (லெட் ஆசிட்டுக்கான உயர் வோல்ட் சுற்று) அணைத்து, டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (வெப்பத்துக்கேற்ப வோல்ட்டை மாற்றுவது) பூஜ்யம். கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். லெட் ஆசிட் அமைப்பில் 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரி குறையவும் 16 மில்லிவோல்ட் கூட்டும். பூஜ்ய டிகிரியில் 0.4 வோல்ட். 14.4 என்று வைத்தது 14.8 ஆகி, பிஎம்எஸ் கதவை மூடும்.

குளிர்: 0 டிகிரிக்குக் கீழ் லித்தியத்தை சார்ஜ் செய்தால் ஆனோடில் லித்தியம் உலோகமாகப் படியும். கொள்ளளவு போனது போனதுதான். சுமைக்குக் கொடுப்பதில் சிக்கல் இல்லை, பல பேட்டரிகள் -20 வரை தாங்கும். உங்கள் பேட்டரியில் குளிர்த் துண்டிப்பு இருக்கிறதா என்று விவரத்தாளில் பாருங்கள், எல்லா மலிவு மாடலிலும் இருக்காது. எம்பிபிடிக்கு புளூடூத் வெப்ப சென்சார் வைத்து 5 டிகிரியில் நிறுத்தலாம், ஆனால் கன்வெர்ட்டர் அந்தப் பேச்சைக் கேட்காது. ஏப்ரல் மிச்சிகன் என்றால் தானே சூடாகும் பேட்டரி, இல்லாவிட்டால் ஹீட்டர் காற்று எட்டும் இடத்துக்குப் பேட்டரியை மாற்றுவது.

ஏழுபின்:

மிக்க நன்றி. கன்வெர்ட்டர், எம்பிபிடி இப்போது, டிசி-டிசி பிறகு என்று முடிவு. பேட்டரியில் குளிர்த் துண்டிப்பு இருக்கிறது, சூடாக்கும் வசதி இல்லை. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஷன்ட் (பேட்டரிக்குள் போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மீட்டர்) போட வேண்டும், அதில் கவனிக்க வேண்டியது? பேட்டரியை உள்ளே நகர்த்தியதால் வேறு ஏதாவது மாறுமா?

கம்பிவடம்:

ஷன்ட் கட்டாயம். 13.2-க்கும் 13.3-க்கும் நடுவுல பாதி பேட்டரி ஒளிஞ்சிருக்கு, வோல்டேஜ் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. சுவர் விளக்கை மறந்துடுங்க. பேட்டரி நெகடிவ்ல ஷன்ட்டைத் தவிர வேற எதுவும் தொடக்கூடாது. ஃப்ரேம் கிரவுண்ட், சோலார் நெகடிவ், இன்வெர்ட்டர் எல்லாம் ஷன்ட்டோட மறுபக்கம். சோலார் நெகடிவ் பேட்டரிப் பக்கமே தங்கிட்டா வெயில்ல ஏறினது கணக்குலயே வராது. செட்டிங்: 200 ஆம்ப்-அவர், சார்ஜ்டு வோல்டேஜ் 14.0, டெயில் கரன்ட் (இதுக்குக் கீழ சார்ஜ் ஆம்ப் இறங்கினா ஃபுல்னு கணக்கு) 4 சதவீதம், பியூகெர்ட் (Peukert, வேகமா இழுத்தா கொள்ளளவு குறையுற அளவு) 1.05, எஃபிஷியன்சி 99 சதவீதம்.

பேரலல்ல பாசிடிவை ஒரு பேட்டரியிலும் நெகடிவை இன்னொண்ணுலயும் எடுங்க. ஒரே பேட்டரியில ரெண்டும் எடுத்தா அதுவே அதிகம் உழைக்கும்.

பேட்டரியை நகர்த்தினதுல முக்கியமானது பிரேக்அவே சுவிட்ச் (ஓடும்போது டிரெய்லர் கழண்டா பின் உருவி, டிரெய்லர் பிரேக்கைத் தானா போடுறது). அதோட ஒயர் டிஸ்கனெக்ட் சுவிட்ச்சைத் தாண்டி வரக்கூடாது, முதன்மை ஃப்யூஸுக்கு அடுத்தே தனியா எடுங்க. பேட்டரியை அணைச்சிருந்தாலும் பிரேக்குக்கு கரன்ட் போகணும். சோதிக்க பின்னை இழுத்து, சக்கரம் பிடிக்குதான்னு பாத்துட்டு சில நொடியிலேயே திரும்பப் போடுங்க, பிரேக்கோட மின்காந்தம் சூடாகும். இழுக்கிறதுக்கு முன்னாடி ஏழு-பின் பிளக்கைக் கழட்டிடுங்க. இல்லேன்னா அந்த 12 வோல்ட் நேரா எஃப்-150 பிரேக் கன்ட்ரோலருக்குள்ள போகும்.