எக்ஸ்ரே கண்ணாடி தாங்குற பிளாக்: பேரிங் போட்டா ஆகாதா?

வியாசை வயர்கட்:
வியாசர்பாடி எஸ்டேட்ல வயர்கட் மிஷின் (கரண்ட் பாயுற மெல்லிசு வயரோட பொறியால உலோகத்தை வெட்டுறது) ஓட்டுறேன். எக்ஸ்ரே கதிரைத் திருப்பிவிடுற கண்ணாடியைத் தாங்குற பிளாக் ஒண்ணு ஆர்டர் வந்திருக்கு. 7075-ன்ற அலுமினியக் கலவை, ஒரே கட்டி. ரெண்டு பக்கமும் அரைவட்டமா குடைஞ்சு நடுவுல 0.5 மி.மீ. மட்டும் விடணுமாம். அந்தக் கழுத்து வளைஞ்சுதான் கண்ணாடி திரும்புமாம். அதைத் தள்ளித் திருப்ப 300 மி.மீ. கை வேற. ரெண்டு பேரிங் போட்டா முடியுற வேலைக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? உடைஞ்சா யார் தலையில விழும்?

பெரம்பூர் பழைய ஃபிட்டர்:
தம்பி, பேரிங்ல இம்மியாவது ஆட்டம் இருக்கும். இறுக்கினா உராய்வு. நுனியைத் தள்ளினா ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் துள்ளும். எக்ஸ்ரே கதிர் கண்ணாடியை நேரா மோதினா திரும்பாது, சில மில்லிரேடியன் சாய்வுல உரசிக்கிட்டுப் போனாத்தான் திரும்பும் (ரேடியன்னா கோண அளவு; மில்லி அதுல ஆயிரத்துல ஒண்ணு, மைக்ரோ பத்து லட்சத்துல ஒண்ணு). கண்ணாடி 1 மைக்ரோரேடியன் சாய்ஞ்சா கதிர் 2 விலகும், 10 மீட்டர் தள்ளி அது 20 மைக்ரான். உன் 300 மி.மீ. கையோட நுனி 0.3 மைக்ரான் நகர்ந்தாலே 1 மைக்ரோரேடியன். இதுல பேரிங் துள்ளினா என்ன ஆகும், நீயே கணக்குப் போடு. அதோட உள்ளே வெற்றிடம். கிரீஸ் ஆவி எக்ஸ்ரே படுற கண்ணாடியில கரியா ஒட்டிடும்.

உன் கையில இருக்கிறது கடைசி வெட்டு. கரண்ட்டைக் குறைச்சு ரெண்டு மூணு ஸ்கிம் (மேலோட்டமா சீவுற மெல்லிசு வெட்டு) எடு. வயர் உருக்கி உறைஞ்ச தோல் மேல இருந்தா விரிசல் அங்கதான் கிளம்பும். கழுத்துல வெட்டும்போது கரண்ட் போய் கோடு விழுந்தா அந்தப் பீஸை ஒதுக்கிடு, பாலிஷ் போட்டு மறைக்காதே.

எண்ணூர் டிசைன்:
வெயிலையும் பாருங்க. அந்தக் கை 1 டிகிரி சூடு ஏறினா சுமார் 7 மைக்ரான் நீளும். மொத்தமா நீண்டா பெரிய தொல்லை இல்ல. ஒரு கால் அலுமினியம், ஒரு கால் ஸ்டீல்னு இருந்தா கண்ணாடியே சாயும். ஏசி ரூம்ல அளந்து கொடுங்க.

வியாசை வயர்கட்:
சரிண்ணே, உடைஞ்சா?

பெரம்பூர் பழைய ஃபிட்டர்:
கணக்குப் போட்ட கோணத்துக்குள்ள ஆடினா உடையாது. பயம் கொண்டு போற ஷேர் ஆட்டோவுலதான், எஸ்டேட் ரோட்டுப் பள்ளத்துல. டிராயிங்ல கழுத்து அளவுக்கு மேல வளையாம தடுக்கிற ஸ்டாப்பர் இருக்கா? கையை அசையாம பிடிக்கிற போல்ட்?

வியாசை வயர்கட்:
ரெண்டும் இல்ல. எழுத்துல கேட்டு வாங்கிட்டுத்தான் வயரை மாட்டுவேன்.