பச்சை விறகை நம்பி கெட்ட கதை: உங்களுக்கும் நடந்திருக்கா?

ஹோவிக்வாசி:
இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். 2023 குளிர்காலத்தில் லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டு தாங்காமல் ஹாலில் கண்ணாடிக் கதவு வைத்த விறகடுப்பு ஒன்றைப் பொருத்தினேன். ஜூனில் ஒரு பக்கி (சின்ன சரக்கு வண்டி) நிறைய வாட்டில் விறகு வந்து இறங்கியது. (நீலகிரிக்காரர்களே, நம்ம சீகை மரமேதான். 1864ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நேட்டாலுக்கு வந்தது. தோல் பதனிடும் பட்டைக்காக வளர்த்தார்கள், இப்போது ஓடைக்கரை முழுக்க அதுதான்.) "காஞ்சதா?" என்றேன். "நல்லா காஞ்சது" என்றார் விற்றவர். தூக்கினால் கல் கனம். அப்போதே சுதாரித்திருக்கணும்.

அடுப்பில் வைத்ததும் உஸ்ஸென்று முனையில் நுரை தள்ளியது. இரண்டே நாளில் கண்ணாடி கறுத்தது. விறகு கரைந்ததே தவிர அறை சூடாகவில்லை. விடியும்வரை தாங்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை வேறு அடைத்து வைத்தேன், பாருங்கள், அதுதான் மகா தப்பு. ஆறாவது வாரம் ஒரு ராத்திரி புகைபோக்கிக்குள் பேரிரைச்சல், கூரைமேல் தீப்பொறி. எரியும் குழாய்க்குக் காற்று போகாதபடி துவாரத்தை முழுக்க மூடிவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே ஓடி தீயணைப்புக்குப் போன் போட்டோம். வண்டி வருமுன் தானே அடங்கியது, எங்கள் நல்ல நேரம். மறுநாள் குழாயிலிருந்து ஒரு வாளி கறுப்புத் தார் வந்தது, வார்னிஷ் அடித்த மாதிரிப் பளபளப்பு. ஈரப் புகை குளிர்ந்த குழாயில் படிந்து இறுகியது அத்தனையும்.

லெனேசியா அண்ணாச்சி:
தம்பி, கணக்குப் பாருங்க. பச்சைக் கட்டை எடையில பாதி வரைக்கும் தண்ணியா இருக்கும். ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்க சுமார் 0.7 யூனிட் கரண்ட் அளவுக்குச் சூடு வேணும். பத்துக் கிலோ விறகு போட்டா மூணு யூனிட்டுக்கு மேல குழாய் வழியா ஆவியாப் போயிடுது.

ஈரம் பாக்குற மீட்டர் வாங்கினேன். மேல குத்தினா 17 சதவீதம். சந்தோஷப்பட்டேன். கட்டையப் பிளந்து உள்பக்கம் குத்தினா 34! இருபதுக்குக் கீழ வந்தாத்தான் அடுப்புப் பக்கமே விடுறேன். ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்) குளிர்காலத்துல மழை இல்லாதது ஒரு புண்ணியம், பிளந்து பலகைமேல அடுக்கினா வெயிலும் காத்துமே வேலைய முடிச்சிடும். முழு உருளையா போட்டு வச்சீங்கன்னா வருஷக்கணக்கா காயாது.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
என் தமிழ் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். எங்க ஆயாவுக்கு மீட்டர் எல்லாம் தெரியாது. ரெண்டு கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டுவாங்க. "டங்"னு கேட்டா அடுப்புக்கு, "தொப்"னு கேட்டா கொட்டாயிக்கு. பெரிய வெள்ளிக்கு மாரியம்மன் கோயில்ல தீமிதி வரும். அப்பா குழிக்கு விறகு பாக்கும்போது பச்சைக் கட்டை ஒண்ணு கலந்தாலும் கோபம் வரும். அது புகையும், தணல் ஒரே மாதிரி விழாது, கால் வைக்கிறது மனுஷங்க இல்லையான்னு கேப்பாரு.

நாட்டிங்ஹாம்ரோடு:
எல்லாரும் பயமுறுத்துறீங்க. நான் நல்ல காய்ந்த சேக்கல்போஸ் என்ற கெட்டி முள்மரத்துத் தணலில் பச்சைக் கட்டை ஒன்றிரண்டு போடுகிறேன், மூன்று வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. காற்றை மட்டும் அடைப்பதில்லை.

ஹோவிக்வாசி:
அண்ணே, எனக்கும் ஆறு வாரம் ஒன்றும் ஆகவில்லை. இந்த மூன்று வருஷத்தில் குழாயை எத்தனை தடவை துடைத்தீங்க?

நாட்டிங்ஹாம்ரோடு:
…ஒரு தடவை. சரி, இந்த வாரமே ஆளைக் கூப்பிடுகிறேன்.

ஹோவிக்வாசி:
இந்தப் பிப்ரவரியில் நானே ஆள் வைத்துப் பிளந்து தகரக் கூரைக்கடியில் அடுக்கினேன். பக்கவாட்டில் காத்தோட்டம் விட்டிருக்கிறேன். நேற்று ஒன்றைப் பிளந்து குத்திப் பார்த்தேன்: 26. ஆக, இந்த ஜூனுக்கும் கடையில் மூட்டைதான்.