4கே 10 பிட் வீடியோ எடிட்டிங்குக்கு எந்த லேப்டாப்?

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எல்லைக்கு அப்பால் கேரளத்தின் புனலூர் பக்கமிருந்தும் வேலை வரும். புதுக் கேமராவின் 4கே, 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள வகை), ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை) கிளிப்புகள் டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகின்றன. தாலி கட்டும் இடத்தில் படம் நின்றுவிடுகிறது, நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. பழைய 8 பிட் ஹெச்.264 கிளிப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது இருப்பது பத்தாம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு; எடிட்டிங் மென்பொருள் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ. டிரைவரைப் புதுப்பித்தேன், கிளிப்புகளை எஸ்எஸ்டிக்கு மாற்றினேன், பலனில்லை. பிராக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்) போட்டால் சரியாக ஓடுகிறது, ஆனால் அதை உருவாக்கவே ராத்திரி போய்விடுகிறது. ஆவணி வந்தால் எல்லையின் இரண்டு பக்கமும் முகூர்த்தம், அப்போது கட்டுப்படியாகாது.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராபிக்ஸ் கார்டுகள் 4:2:2-ஐ டீகோட் செய்யாது (சுருக்கிய வீடியோவைப் படமாக விரிக்காது), இன்டெல் பிராசசரோடு வரும் குயிக் சிங்க் என்ற வீடியோ வசதி 11ஆம் தலைமுறையிலிருந்து செய்யும். அப்படியானால் 80,000 ரூபாய்க்குள் இந்தக் கிளிப்புகளைப் பிராக்ஸி இல்லாமல் ஓட்டும் இன்டெல் லேப்டாப் எது?