காலை அணியும் மாலை அணியும் ஒன்றாக இயங்க வழி வேண்டும்

திருச்சி தில்லைநகரில் மூன்று நாற்காலிகள் கொண்ட பல் மருத்துவமனையை நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்து இரண்டு மருத்துவர்கள், நான்கு உதவியாளர்கள், வரவேற்பில் ஒருவர். நான்கு மாதங்களுக்கு முன் உதவியாளர்களைக் காலை, மாலை எனப் பிரித்ததிலிருந்து, இரு அணியினரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சென்ற வியாழன் மாலை, வேர் சிகிச்சைக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகுதான், பல் வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் மெல்லிய கருவிகளான ஃபைல்கள், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது கணக்குதான். சூடேறி, ஆவி வெளியேறி, கருவிகள் வைத்த உறைகள் உலர்ந்து கைக்கு வர அதைவிட வெகுநேரம் ஆகிறது. அவர் மரத்த கன்னத்தைத் தாங்கியபடி காத்திருக்க, அது காலை அணியின் வேலையா மாலை அணியின் வேலையா என்று அவர் காதுபடவே வாக்குவாதம் நடந்தது. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

தினமும் காலையில் பத்து நிமிடக் கூட்டம் நடத்திப் பார்த்தேன். மாலை அணியினர் அதில் இருப்பதில்லை. வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். அது புகார்ப் பெட்டியாகிவிட்டது. கிருமிநீக்கப் பதிவேடு வைத்தேன். கருவித் தட்டைத் திறந்து பார்க்காமலே கையெழுத்திடுகிறார்கள். எல்லோருக்கும் விருந்து வைத்தபோதும் இரண்டு மேசைகளில் தனித்தனியாகவே அமர்ந்தார்கள். தனிப்பட்ட முறையில் எல்லோரும் நல்ல வேலைக்காரர்கள், யாரையும் நீக்கும் எண்ணம் எனக்கில்லை.

இரண்டு ஷிஃப்ட் நடத்தும் மருத்துவர்களே, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரு அணியினரும் சேர்ந்து நின்று பொறுப்பை ஒப்படைக்க, உங்கள் இடத்தில் அன்றாடம் என்ன நடைமுறையைப் பின்பற்றுகிறீர்கள்?