ஆப்பிரிக்கன் குயின்: அந்த ஷாஃப்ட் ரிப்பேர் நடக்கக்கூடியதா?

நீராவிப்பிரியன்:
ஜான் ஹூஸ்டனின் 1951 படம். 1914, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. மிஷனரியின் சகோதரி ரோஸும் ஜின் பாட்டிலை விடாத படகுக்காரர் சார்லியும் ஆற்றில் போகும்போது நீர்ச்சரிவில் ஷாஃப்ட் (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு) வளைந்து, புரொப்பல்லரில் ஓர் இறக்கை உடைகிறது. கரையில் நெருப்பு மூட்டி நிமிர்த்தி, புது இறக்கையை ஒட்டிக் கிளம்பிவிடுகிறார்கள். போகார்ட்டும் ஹெப்பர்னும் எவ்வளவு நன்றாக நடித்தாலும் நம்ப முடியவில்லை. விறகுத் தீயில் இரும்பு ஒட்டாது.

உலைக்களம்:
விறகில் ஒட்டாது, கரியில் ஒட்டும் நண்பரே. தேனிரும்பை (கரிமம் மிகக் குறைந்த மெல்லிரும்பு) அடித்து ஒட்ட சுமார் 1,300 டிகிரி வேண்டும். துருத்தி வைத்த கரி உலை அதைத் தரும். அதே நாட்டின் வடமேற்கில் ஹாயா மக்கள் கரியும் துருத்தியும் கொண்டு தாதிலிருந்தே இரும்பு எடுத்தவர்கள். நிமிர்த்துவதற்கு அவ்வளவு சூடும் வேண்டாம். செக்கச்செவேல் என்று, 800-900 வந்தால் போதும்.

நீராவிப்பிரியன்:
சூட்டை ஒப்புக்கொள்கிறேன். ஒட்டுவாயில் துருச் செதில் படியுமே, அதைக் கரைக்கும் வெங்காரம் எங்கே? புரொப்பல்லர் வெண்கலமாக இருந்தால் சிவக்கக் காய்ச்சி அடித்ததும் உதிர்ந்துவிடும். ஷாஃப்டில் ஒரு மில்லிமீட்டர் கோணல் மிஞ்சினாலும் ஷாஃப்ட் படகைத் துளைத்து வெளியேறும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கைத் தின்று தண்ணீர் உள்ளே வரும். லேத் (கடைசல் எந்திரம்) இல்லாமல் சார்லி எப்படிச் சரிபார்ப்பார்?

உலைக்களம்:
தேனிரும்புக்கு வெங்காரத்துக்குப் பதில் சுத்தமான மணல் தூவுவது பழைய வழக்கம். வெண்கலம் என்றால் நீங்கள் சொல்வதே சரி, ஒட்டவே ஒட்டாது.

கோணல் பார்க்க இரண்டு கட்டைகளில் ஆப்பு வடிவில் வெட்டி, ஷாஃப்டைக் கிடத்தி, பக்கத்தில் ஓர் ஆணியை அசையாமல் நிறுத்தி மெல்ல உருட்டினால் மேடு தெரிந்துவிடும். கரியால் கோடு போட்டு, அங்கே மட்டும் காய்ச்சி, மரச்சுத்தியால் தட்ட வேண்டும். திரும்பத் திரும்ப, பொறுமையாக. புது இறக்கை எடை ஒத்துவராமல் அதிரும், உண்மைதான். ஆனால் அந்த விசை வேகத்தின் இருமடியாக ஏறுவது. நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் டீசலில் வருவதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் 300 சுற்று ஓடும் நீராவி எந்திரத்தில் வரும். கசிந்தால் கொழுப்பில் தோய்த்த சணலைத் திணித்து இறுக்கிக்கொள்ளலாம்.

எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் இது. ரோஸுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் கேட்கிறாள். முடியாது என்பதற்கு சார்லி சொல்லும் ஒவ்வொரு காரணமும் அடுத்து செய்ய வேண்டிய வேலையாகிவிடுகிறது. அந்த இருவரும் ஜோடியாவது அங்கேதான், முத்தத்தில் இல்லை.

கடைசிபெஞ்ச்:
எனக்கு உறுத்துவது முடிவுதான். புயலில் படகு கவிழ்ந்த பிறகு, ஜெர்மன் கப்பல் லூயிசா தானாக வந்து அதில் மோதுவது வெறும் தற்செயல். படத்துக்கு மூலமான 1935 நாவலில் அந்தக் கப்பலைத் தகர்க்க இவர்கள் செய்யும் முயற்சி தோற்கிறது, பிரிட்டிஷ் படகுகள்தான் லூயிசாவை மூழ்கடிக்கின்றன. அது நேர்மையான முடிவு.

உலைக்களம்:
முடிவு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். லூயிசாவுக்கு முன்மாதிரி என்று சொல்லப்படும் கிராஃப் ஃபான் கோட்சனை, டாங்கனிக்கா ஏரியில் 1916 ஜூலையில் ஜெர்மானியரே மூழ்கடித்தார்கள். அதற்கு முன் எந்திரங்களில் கெட்டியாக கிரீஸ் பூசிவைத்தார்கள். 1924-இல் தூக்கியெடுத்த அதே கப்பல் 1927 முதல் லியம்பா என்ற பெயரில் ஓடியது.

நீராவிப்பிரியன்:
சரி, நிமிர்த்தியதை ஏற்கிறேன். இறக்கை ஒட்டியதை, அது இரும்பு என்று படம் காட்டாதவரை ஏற்கமாட்டேன்.