எலுமிச்சை வோட்கா கசக்கிறது, எங்கே தவறு?

கேள்வி:
நேற்று முதல் முறையாக வீட்டில் எலுமிச்சை வோட்கா காக்டெய்ல் கலந்தேன். 60 மி.லி. வோட்கா, ஒரு முழு எலுமிச்சையின் சாறு, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, மேலே நாலு ஐஸ் கட்டி. முதல் வாய் நெருப்பு, கடைசி வாய் வெறும் சர்க்கரை. போதாததற்கு ஒரு கசப்பு வேறு. ஷேக்கர் என்னிடம் இல்லை.

பதில் 1:
குளிர்ந்த மதுவில் சர்க்கரை லேசில் கரையாது. சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு கலந்து, ஆறியதும் அந்தப் பாகை ஊற்றுங்கள். என் கணக்கு: வோட்கா 60, சாறு 30, பாகு 20 மி.லி.

பதில் 2:
கசப்பு வருவது தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதியிலிருந்தும் நசுங்கிய விதையிலிருந்தும்தான். நானும் கடைசிச் சொட்டு வரை பிழிகிற ஆளாக இருந்தவன். மென்மையாகப் பிழிந்து வடிகட்டுங்கள். ஷேக்கருக்குப் பதில், இறுக்கி மூடும் ஜாம் பாட்டில் போதும். ஐஸ் நிரப்பி 15 விநாடி குலுக்குங்கள். ஐஸ் கொஞ்சம் உருகித் தண்ணீர் சேர்ந்தால்தான் அந்த நெருப்பு அடங்கும். சோடா வேண்டுமானால் குலுக்கிய பிறகு மட்டும். நான் உள்ளேயே ஊற்றிக் குலுக்கி, அப்புறம் கூரையைத் துடைத்தேன்.

பதில் 3:
பாகில் பாதிக்குப் பதில் ட்ரிப்பிள் செக் (ஆரஞ்சுச் சுவையுள்ள இனிப்பு மது) ஊற்றி, கோப்பை விளிம்பில் சர்க்கரை ஒட்டினால் அதுவே லெமன் டிராப். 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த பானம்.

கேட்டவர்:
ஜாம் பாட்டில் வேலை செய்தது! கசப்பே இல்லை. எனக்குப் பாகு மட்டும் 25 வேண்டியிருந்தது.